தானியேல் கலக்கத் தயங்கிய நிறம்

ஆம்பூரில் ஒரு தோல் ஆலையில் தானியேலுக்கு நிறம் பார்க்கும் வேலை. வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் உள்ளங்கை அகலத்தில் ஒரு தோல் துண்டை அனுப்பி, இதே ஷேடில் இத்தனை ஆயிரம் அடி வேண்டும் என்பார்கள். சாயப்பொடிகளை நிறுத்துப் போட்டு, டிரம்மைச் சுற்றவிட்டு, தோலை வெளியே எடுத்து, வடக்குப் பக்க ஜன்னல் வெளிச்சத்தில் அந்தத் துண்டோடு வைத்துப் பார்ப்பது அவர் பொறுப்பு. அந்த வேலையில் ஒரு விசித்திரம் உண்டு. டிரம்மிலிருந்து ஈரமாக வரும் தோல் இருண்டிருக்கும். காயும்போது வெளுக்கும். மெருகு ஏற்றியதும் மறுபடி ஆழம் கூடும். அதனால் ஷேடு பார்ப்பவர் கண்முன் இருக்கும் நிறத்தை நம்பக் கூடாது. அது கடைசியில் எங்கே போய் நிற்கும் என்று பார்க்க வேண்டும். இருபது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக தானியேல் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரைக் கலைஞர் என்று நான் சொல்ல மாட்டேன். கைக்குப் பழகிய ஒரு காரியத்தைச் சோம்பலில்லாமல் செய்தவர், அவ்வளவுதான். பேச்சு கம்மி. பிடிவாதம் ஜாஸ்தி. ஒரு விஷயத்தில் பிடி விழுந்துவிட்டால் அது சரியா தவறா என்று திரும்பிப் பார்க்கும் பழக்கம் அவரிடம் இல்லை. ஆலையில் அது உதவியாக இருந்தது.

அவர் மனைவி லில்லி மிஷன் தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. வாய் துடுக்கு. பெண் பார்க்க வந்த அன்று தானியேல் அவள் முகத்தைப் பார்த்ததைவிடக் காப்பித் தட்டை நீட்டிய கையைத்தான் அதிக நேரம் பார்த்தார் என்று அவள் கடைசிவரை சொல்லிச் சிரிப்பாள். கல்யாணம் முடிந்து சில நாள் கழித்து, அன்று அப்படி என்ன பார்த்தீர்கள் என்று கேட்டிருக்கிறாள். ‘டார்க் டான், உள்ளே கொஞ்சம் சிவப்பு’ என்று, ஆலையில் தோலுக்கு ஷேடு சொல்கிற மாதிரியே, அவர் மரியாதையாகப் பதில் சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூடம் முழுவதும் அந்தக் கதை பரவி, கொஞ்ச காலம் சக ஆசிரியைகள் அவளை டார்க் டான் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி இருவரும் பிறரிடம் பேசியதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஆற்று மாசு வழக்குகளுக்குப் பிறகு பல ஆலைகள் மூடப்பட்டன. தானியேலின் ஆலையும் அதில் ஒன்று. சில மாதம் வீட்டில் இருந்துவிட்டு, வேலூரில் ஒரு அறக்கட்டளை நடத்திய செயற்கைக் கால் பட்டறையில் சேர்ந்தார். காலையில் பாசஞ்சர் ரயிலில் போய்ச் சாயங்காலம் திரும்புவார். செய்து முடித்த கால்களின் ஓரத்தை அரம் போட்டு மழுக்குவதும், வாரும் கொக்கியும் தைப்பதும்தான் அங்கே அவருக்குக் கொடுத்த வேலை. தோல் தெரிந்தவர் என்பதால் வார் வேலை.

கால் செய்யும் முறை இது. வெட்டுப்பட்ட காலை அளவெடுத்து பிளாஸ்டரில் ஓர் அச்சு வார்ப்பார்கள். அச்சின் மேல் பனியன் துணி உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இழுத்து மாட்டி, அதன்மேல் ரெசினை ஊற்றி இறுக விடுவார்கள். ரெசின் டின்னிலிருந்து வரும்போது தெளிவாக இருக்கும். கண்ணாடி டம்ளரில் ஊற்றினால் அடி தெரியும். நிறம் வேண்டுமென்றால் பொடி கலக்க வேண்டும். பாதம் மட்டும் ரப்பர். அது இரண்டு மூன்று நிறங்களில் தனியாக வரும். கிட்டத்தில் இருப்பதை எடுத்து முடுக்குவார்கள். பட்டறையில் ரெசினுக்கு இருந்தது ஒரே ஒரு பொடி. வெளிநாட்டிலிருந்து நன்கொடையாக வந்த டப்பா. மேலே ‘ஸ்கின்’ என்று அச்சடித்திருக்கும். உள்ளே ரோஜா நிறம். வேலூர், திருப்பத்தூர்ப் பக்கத்துச் சனங்கள் அத்தனை பேரும் அந்த ரோஜா நிறக் காலைக் கட்டிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

நன்றி சொல்லாமல் போனவள் கெங்கம்மாள். நாட்றம்பள்ளிக்கு அந்தண்டை கடலைக் காட்டில் கூலி வேலை பார்த்தவள். பாம்பு கடித்துக் கால் அழுகி எடுத்துவிட்டார்கள். புதுக் காலைக் கொண்டுவந்து முன்னால் வைத்ததும் அதைத் தொடாமல் பார்த்தாள்.

“ஏம்ப்பா, எந்த தொரசானி செத்தா? அவ காலக் கழட்டியாந்து குடுக்கறீங்களா?”

பிளாஸ்டர் அச்சு வார்க்கும் ரஃபி அகமது வாணியம்பாடிக்காரர், சிரிப்பை அடக்கத் தெரியாதவர். திரும்பிக்கொண்டார்.

“இதக் கட்டிக்கினு நான் கல்லக்கா புடுங்கப் போனா மாடு மெரளும். எனக்கு வாணாம்.”

கட்டைகளை ஊன்றிக்கொண்டு எழுந்து போயே போய்விட்டாள். கால் மேஜைமேல் கிடந்தது. மற்றவர்களுக்கு அது ஒரு வேடிக்கை. தானியேலுக்கு அது ஷேடு தவறித் திரும்பி வந்த சரக்கு.

முதலில் அவர் செய்தது, தோல் ஆலைக்காரர் எவரும் செய்யக்கூடிய தப்பு. பழைய தோஸ்து ஒருவரிடம் தோல் சாயப்பொடி வாங்கி வந்து ரெசினில் போட்டார். அழகாகக் கரைந்தது. ரெசினை இறுக்கும் ஹார்டனரை ஊற்றியதும் கண்ணெதிரிலேயே வெளுத்து அழுக்குத் தண்ணீர் நிறமாகப் போயிற்று. பிறகுதான் தரைக்குப் போடும் காவி, மஞ்சள், பழுப்பு, கறுப்பு ஆக்சைடுப் பொடிகள் பக்கம் போனார். அவை கரைவதில்லை, அரைத்தால் கலந்து நிற்கும், வெளுப்பதில்லை. சிமெண்டுக் கடைகளில் ஏறி இறங்கினார். ஒரு சிட்டிகையை வெள்ளைத் தாளில் வைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, விரலால் இழுத்துப் பார்ப்பார். காவியில் நீலம் எட்டிப்பார்த்தால் வேண்டாம் என்பார். மஞ்சளில் எலுமிச்சைச் சாயல் தெரிந்தாலும் வேண்டாம். மண்ணுக்குக் கிட்டத்தில் இருக்க வேண்டும். வெள்ளைப் பொடி ரெசினின் தெளிவை மறைக்க மட்டும். கறுப்பைப் பற்றி அவருக்கு ஒரு தீர்மானம் இருந்தது. இருட்ட வேண்டுமென்றால் பழுப்பைக் கூட்ட வேண்டுமே தவிரக் கறுப்பைத் தொடக் கூடாது. கறுப்பு சேர்ந்தால் தோல் செத்துப்போன மாதிரி ஆகிவிடும். கறுப்பு டப்பா வாங்கினார், அலமாரியின் மேல்தட்டில் வைத்தார், திறக்கவில்லை.

சோடா பாட்டில் மூடிகளில் ரெசினை ஊற்றிச் சில்லுகளாக வார்த்து வீட்டுக்கு எடுத்து வந்தார். லில்லி பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் முன்கையில் சில்லுகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பார்.

“சும்மா இருங்க. கூசுது. ஃபெயில் ஆன பையனுக்கு நூறு போட்டுடுவேன்.”

ஒரு சில்லு அவள் கைமேல் வைத்ததும் நிறத்தோடு நிறமாக எங்கே என்று தெரியாமல் போயிற்று. அதில் ஓட்டை போட்டுப் பட்டறைச் சுவரில் ஒரு கம்பியில் கோத்தார். கம்பியில் ஏறிய முதல் சில்லு அது. அதிலிருந்து பழுப்பைக் கூட்டியும் மஞ்சளைக் குறைத்தும் மற்ற சில்லுகள் வந்தன. கெங்கம்மாளை ஆள்விட்டுக் கூட்டிவந்து புதுக் காலைக் காட்டினார்கள். தன் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இப்போது சரி, ஆனால் வெயிலில் நின்றால் நான் இன்னும் கறுப்பேன், இது கறுக்குமா என்று கேட்டாள். கறுக்காது என்றார் தானியேல். பரவாயில்லை என்று கட்டிக்கொண்டு போனாள்.

அதற்குப்பின் நிறம் கலப்பது அவர் வேலையாயிற்று. வருகிறவர்கள் கம்பிக்கு முன் நின்று தங்களுக்கான சில்லைத் தேடுவார்கள். அவர் அவசரப்படுத்த மாட்டார். ரஃபிக்கு இது பேஜார். “அண்ணே, காலுக்குக் கலர் பாக்குறாங்களா, கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்குறாங்களா?” என்பார். ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த வருடங்களில் தானியேல் எதிரே இருக்கும் மனிதரின் நிறத்தைத்தான் கலந்தார். ஆஸ்பத்திரிப் படுக்கையில் வெளுத்துப் போனவருக்கு வெளுத்த கால். மஞ்சள் காமாலை கண்டவருக்கு அந்த மஞ்சள். ரெசின் தோலைப் போல மாறாது, இறுகின நிறம்தான் கடைசிவரை என்று அவரே ரஃபிக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

லில்லிக்குச் சர்க்கரை வியாதி வெகு நாளாக இருந்தது. இரண்டாயிரத்து நாலாம் வருடம் இடது பாதத்தில் ஒரு கொப்புளம், பிறகு புண், பிறகு முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. சிறுநீரகமும் சரியில்லை என்று டாக்டர்கள் அப்போதே சொல்லியிருந்தார்கள். வீட்டுக்கு வந்தபோது அவள் வேறு நிறமாக இருந்தாள். சாம்பல் தூவிய மாதிரி ஒரு மஞ்சள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் கவனித்தார்கள், பிறகுதான் காலை. நிறம் பார்த்தே பிழைத்த மனிதர் மட்டும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. எங்கள் சபையில் திருவிருந்து வாங்கும்போது செருப்பை வெளியே விட்டு, வெறுங்காலோடு முன்னால் போய், பீடத்துக்கு முன் உள்ள மரக் கிராதியின் அருகே முழங்காலில் நிற்க வேண்டும். நடக்க முடியாதவர்களுக்குப் போதகர் அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் பெஞ்சுக்கே கொண்டுவந்து கொடுப்பார். கால் போனபின் மாதாமாதம் லில்லிக்கு அப்படித்தான் கிடைத்தது. அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஈஸ்டருக்குள் எழுந்து நடந்து போய் வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

முழங்காலில் நிற்கிறவர்களின் உள்ளங்காலும் கணுக்காலும் பின்னால் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். முன்பெஞ்சிலேயே உட்கார்ந்து பழகியவள் அவள். சபையில் யாருக்கெல்லாம் பித்தவெடிப்பு என்று தனக்குத் தெரியும், கணவன் மனைவி சண்டையைக்கூடக் குதிகாலைப் பார்த்துச் சொல்லிவிடுவேன் என்பாள். அதனால் அவள் தானியேலிடம் வேறொன்றும் கேட்கவில்லை. இரண்டு காலும் ஒருத்தியுடைய காலாக இருக்க வேண்டும், அது போதும் என்றாள்.

ரஃபி வீட்டுக்கே வந்து அளவெடுத்து அச்சு வார்த்தார். நிறத்துக்கு தானியேல் யாரையும் எதையும் கேட்கவில்லை. கம்பியில் முதலில் தொங்கிய சில்லை எடுத்து வைத்துக்கொண்டு அதன்படி கலந்தார்.

கால் நன்றாகத்தான் வந்திருந்தது. ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் தொடங்கிய வாரத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஹெப்சி, லில்லியின் தங்கை, பக்கத்தில் நின்றாள். லில்லி கட்டிக்கொண்டு எழுந்தாள். கைத்தடியோடு சமையலறைவரை போய்த் திரும்பினாள். வலிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து புடவையைக் கொஞ்சம் தூக்கி இரண்டு காலையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள். ஹெப்சி எதையோ எடுக்கப்போகிற மாதிரி உள்ளே போய்விட்டாள்.

“இது நல்ல காலுதான்” என்றாள் லில்லி. “ஆனா இது என் காலு இல்லிங்க. நீங்க பொண்ணு பாக்க வந்தப்ப காப்பி குடுத்தாளே, அவளோடது.”

தானியேல் அதற்கு, உடம்பு தேறினால் நிறம் பழையபடி வந்துவிடும், இப்போது இருக்கிற நிறத்துக்குக் கலந்தால் அப்புறம் இது வெளுத்துத் தெரியும் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஈரத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு காய்ந்தபின் வரும் நிறத்தைப் பார்த்த கண் அது. கண்முன் இருப்பது முடிவல்ல என்றே அதற்குப் பழக்கம். மனைவியின் சாம்பல் நிறத்தையும் அவர் நடுவழியில் இருக்கும் ஒரு நிறமாகவே எடுத்துக்கொண்டிருந்தார். ஆனால் தோல் காய்கிறது என்பதற்கு ஜன்னல் வெளிச்சம் சாட்சி. இதற்கு அவரிடம் சாட்சி எதுவும் இல்லை. நம்பிக்கை என்று நாம் உயர்வாகச் சொல்லும் விஷயம் பல நேரங்களில் பார்க்க மறுப்பதுதானோ என்று எனக்குத் தோன்றும். அப்படிச் சொல்லி அவரைக் குற்றவாளியாக்கவும் மனம் வரவில்லை.

மேலே ஒரு பூச்சுப் போட்டால் போதும், ஈஸ்டருக்கு நாள் இருக்கிறது என்றாள் லில்லி. சரி என்றார். அடுத்த வாரம் சில சில்லுகளைக் கொண்டுவந்தார். அவள் வலது பாதத்தின்மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். எல்லாம் பழைய நிறத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சம் இறங்கியவை. அவள் நிறத்துக்கு அருகே ஒன்றும் வரவில்லை. இன்னும் வெளிறட்டும் என்றாள். மறுபடியும் கொண்டுவந்தார். மறுபடியும் பழுப்பு. நல்ல மஞ்சள் பொடி கிடைக்கவில்லை, சென்னையிலிருந்து வர வேண்டும் என்றார். பொடியெல்லாம் அலமாரியில் இருந்தது.

அது ரஃபிக்குத் தெரியும். சில்லு வார்க்கும்போது பக்கத்தில் வந்து நின்று மேல்தட்டைக் காட்டினார்.

“அண்ணே, மஞ்சளும் வெள்ளையும் போட்டு, அந்தக் கறுப்புல ஒரு சிட்டிக போடு. அண்ணி கலரு வந்துடும். உனக்குத் தெரியாததா?”

“அது நிக்கிற கலரு இல்ல ரஃபி.”

“நிக்குதோ நிக்கலியோ, இன்னிக்கு அதானே?”

தானியேல் பழுப்பை அரைத்துக்கொண்டிருந்தார். ரஃபி தன் பிளாஸ்டர் தொட்டிக்குத் திரும்பினார்.

மூன்றாம் முறை கொண்டுவந்த சில்லுகளை லில்லி காலில் வைத்துப் பார்க்கவில்லை. மடியில் வாங்கி வைத்துக்கொண்டாள்.

“எனக்கு எந்தக் கலரு வேணும்னு உங்களுக்குத் தெரியும். அதக் கலக்க உங்களுக்குப் பயமா இருக்குது.” கொஞ்ச நேரம் சில்லுகளை உருட்டிக்கொண்டிருந்தாள். “பரவால்ல. விடுங்க.”

அதன்பின் அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அவர் நிம்மதி அடைந்தார் என்றுதான் நினைக்கிறேன்.

ஈஸ்டர் அன்று அவள் அந்தக் காலைக் கட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்தாள். வெள்ளைப் புடவையை வழக்கத்தைவிடக் கொஞ்சம் இறக்கிக் கட்டியிருந்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கி யார் கையையும் பிடிக்காமல் படியேறினாள். வாசலில் செருப்பைக் கழற்றியபோது குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். முன்பெஞ்சுக்குப் போகவில்லை. கடைசி பெஞ்சின் சுவரோரம் போய் உட்கார்ந்தாள். திருவிருந்தின்போது வரிசை வரிசையாக எழுந்து போனார்கள். கடைசி வரிசையின் முறை வந்தது. தானியேல் எழுந்து நின்று அவளுக்காகக் காத்திருந்தார். அவள் எழவில்லை. நீங்கள் போங்கள் என்பதுபோல முழங்காலைக் கொஞ்சம் விலக்கி வழிவிட்டாள். பின்னால் நிற்பவர்கள் காத்திருந்ததால் அவர் போனார். கிராதியருகே தனியாக முழங்காலில் நின்றார். ஆலை நாட்களில் சாயம் ஏறிய உள்ளங்கால் வெடிப்புகள் எல்லோருக்கும் தெரிந்தன. அவர் திரும்பி வந்தபின் போதகர் தட்டையும் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்கு நடந்து வந்தார். லில்லி உட்கார்ந்தபடியே வாங்கினாள்.

அந்தக் காலை அதன்பின் அவள் கட்டவில்லை. கட்டும் அளவுக்கு உடம்பும் இல்லை. டயாலிசிஸுக்கென்று வேலூருக்குப் போய்வருவதே வாழ்க்கையாயிற்று. ஜூலையில் ஒரு விடியற்காலை இறந்துபோனாள்.

எங்களில் இறந்தவர்களைக் குளிப்பாட்டி வெள்ளை உடுத்திக் கையுறையும் காலுறையும் போட்டுப் பெட்டியில் வைப்பார்கள். பெண்கள் லில்லிக்கு வெள்ளைப் பட்டுப் புடவை உடுத்தி முடித்துவிட்டு நின்றார்கள். காலைக் கட்டுவதா வேண்டாமா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஹெப்சி வெளியே வந்து தானியேலைக் கேட்டாள். அவர் உள்ளே வந்து லில்லியின் வலது காலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பீரோவுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருந்த செயற்கைக் காலை எடுத்து ஒரு துணியில் சுற்றிக்கொண்டு, அடக்கம் சாயங்காலம்தானே, வந்துவிடுகிறேன் என்று கிளம்பிவிட்டார். சாவு வீட்டைவிட்டுப் புருஷன் போவதா என்று சிலர் தடுத்தார்கள். துக்கத்துக்கு வந்திருந்த ரஃபிதான் ஒரு காரை நிறுத்தி அவரை ஏற்றிக்கொண்டு போனார்.

பட்டறையில் நடந்ததை ரஃபி பிறகு சொல்லித்தான் தெரியும். தானியேல் ஸ்டூல் போட்டு ஏறி மேல்தட்டிலிருந்து கறுப்பு டப்பாவை எடுத்தார். அதன் மூடி துருப்பிடித்து, உளி வைத்து நெம்ப வேண்டியிருந்தது. மஞ்சள், வெள்ளை, துளிக் காவி, பிறகு கத்தி முனையில் கறுப்பு. சில்லு வார்த்துப் பார்க்கவில்லை. தாளில் இழுத்துப் பார்க்கவும் இல்லை. ஒரே தடவையில் கலந்து, காலை மணல்தாளால் தேய்த்து, மேலே பூசினார். ஈஸ்டர் சமயத்தில் அவள் இருந்த நிறம் அப்படியே வந்தது என்கிறார் ரஃபி. அந்தக் கண் அதை முழுக்கப் பார்த்துத்தான் வைத்திருக்கிறது. பூச்சு இறுகும்வரை இருவரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ரஃபி அலமாரியைத் துழாவி வெளிறிய ரப்பர் பாதம் ஒன்றைக் கண்டுபிடித்து முடுக்கினார்.

திரும்பி வந்து தானியேலே அதைக் கட்டினார். வாரைக் கொக்கியில் மாட்டினார். இரண்டு காலையும் சேர்த்து வைத்துவிட்டு எழுந்தார். அதற்குள் லில்லியின் நிறம் மறுபடி மாறியிருந்தது. சாம்பலும் இல்லை, மஞ்சளும் இல்லை. மெழுகு மாதிரி ஏதோ ஒன்று. அவர் கலந்து கொண்டுவந்தது காலையில்கூட இல்லாத, மூன்று மாதத்துக்கு முந்திய நிறம். பக்கத்தில் நின்ற எனக்கே அது தெரிந்தது. அவருக்குத் தெரியாமல் இருக்காது.

ஹெப்சி புதுக் காலுறைகளைக் கவரிலிருந்து பிரித்தாள். முதலில் வலது காலில் போட்டாள். பிறகு இடது காலில், ரப்பர் பாதத்தின்மேல் சுருக்கம் விழாமல் இழுத்துவிட்டாள். இரண்டும் வெள்ளையாக, ஒன்று போல இருந்தன. புடவையைக் கணுக்கால்வரை இறக்கிவிட்டாள்.

தானியேல் கைகளைப் பார்த்துக்கொண்டார். விரலிடுக்கில் ரெசின் காய்ந்து ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டியபடியே, தூக்கலாமா என்று யாரோ கேட்கும்வரை அங்கேயே நின்றிருந்தார்.